நாற்பத்தொரு பேருக்கு நான் எடுத்த அளவு

ஆவூர்,
ஞாயிறு மதியம்

மரியாதைக்குரிய அன்பு அக்கா ஜெயராணிக்கு,

தங்கை ஞானசெல்வி எழுதுவது. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். இங்கே நான் சுகம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் என்னைவிடச் சுகமாம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அவர் கையில் பி.பி. பட்டையைக் கட்டினேன். நூற்று அறுபத்தாறு. "மிசின் பழசாப் போச்சு செல்வி" என்று சொல்லிவிட்டு, மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கேட்டார்.

அவர் ஏன் மாத்திரை போடுவதில்லை என்பதைச் சொல்ல, என் பெருமையிலிருந்துதான் தொடங்க வேண்டும், பொறுத்துக்கொள். போன மாதம் திருச்சியிலிருந்து தேவிப்ரியா என்ற டாக்டர் நம் கோயில் ஹாலுக்கு வந்து, ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் கருவியை வைத்தார். கழுத்தில் ஒன்று, தொடை மடிப்பில் ஒன்று. நாடித்துடிப்பு இங்கிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று அது கணக்கிடும். குழாய் இளக்கமாக இருந்தால் துடிப்பு மெதுவாகப் போகும், விறைத்திருந்தால் பாய்ந்து போகும். இடையில் உள்ள தூரத்தை மட்டும் டேப்பால் அளந்து சொல்ல வேண்டும். அளக்க வேண்டிய பெண்ணுக்கோ அன்று காய்ச்சல். "டேப் பிடிச்சுப் பழகினவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்றார் டாக்டர். இருபது வருடமாக இந்த ஊருக்கே ஜாக்கெட்டும் சட்டையும் தைப்பவள் சும்மா இருப்பேனா? பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத் தையல் மிஷின் மிதிக்கிறாளே என்று பேசியவர்கள் எல்லாம் அன்று என் டேப்புக்கு முன்னால் மூச்சுக் காட்டாமல் படுத்துக் கிடந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். "இவ்வளவு வேகமா அளந்து நான் பாத்ததே இல்லம்மா" என்ற டாக்டர், ஆய்வறிக்கையில் என் பெயரையும் போடுவதாகச் சொன்னார். அக்கா, அச்சில் என் பெயர்!

அதற்குப் பிறகுதான் அதிசயம். விறைப்பு ஏறினால் பி.பி. ஏறும், பி.பி. ஏறினால் விறைப்பு ஏறும், இரண்டும் சேர்ந்தேதான் போகுமாம். நம் ஊரில் பி.பி. சரியாக இருப்பவர்களுக்கும் குழாய் விறைப்பு! டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. டீக்கடை மூக்கன்தான் விளக்கம் சொன்னார்: "எங்க ஆளுக உள்ளுக்குள்ளயும் முறுக்குத்தான் டாக்டரம்மா, யாருக்கும் வளைய மாட்டோம்." அன்றிலிருந்து ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறது. அந்த நிமிர்வில் என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் மேலே. மாத்திரையை நீட்டினால், "ஊருக்கே இப்படித்தாண்டி இருக்கு. மூக்கன் போடுறானா? அவன் போடட்டும், நானும் போடுறேன்" என்கிறார்.

எப்படியும் என் கை பட்ட வேலை ஊருக்குப் பேர் வாங்கித் தந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு முடிக்கிறேன். உங்கள் எல்லாருக்கும் எங்கள் ஜெபம் உண்டு.

உன் தங்கை,
ஞானசெல்வி

பி.கு.: மடித்து ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். சற்று முன் பக்கத்து வீட்டு ராசாத்திக்கு ஜாக்கெட் அளவெடுத்தேன். டேப் பதினாலு காட்டியது, என் கை நோட்டில் பதினாறு என்று எழுதியது. தையலுக்கு இரண்டு அங்குலம் விடும் பழக்கம். நாற்பத்தொரு பேருக்கும் அப்படியே விட்டிருக்கிறேன், அக்கா. தூரத்தைக் கூட்டினால் வேகமும் கூடத்தானே செய்யும்! எல்லாருடைய தூரமும் கருவி காட்டிய வேகமும் என் அளவு நோட்டில் இருந்தன. இரண்டு அங்குலத்தைக் கழித்து மறுபடி கணக்குப் போட்டேன். துடிப்பின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது டாக்டர் சொன்ன வரம்பு. மூக்கன் உட்பட, பி.பி. சரியாக இருந்த அத்தனை பேரும் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் கழித்த பிறகும் பதினொன்றரை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, என் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். திரும்பி வந்ததும், இவர் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, மூக்கன் கடையில் நின்று எல்லார் எண்களையும் உரக்க வாசிப்பேன். இதை எழுதும் இந்த நிமிடம் வரை என்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.