நீலவகை மீனலோசனி

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், சரவணையில் இயங்கிவந்த தீவுப்பகுதிக் கூரை மீளமைப்பு இணைப்பகத்தின் அதிகாரி பரராசசிங்கம் கொழும்புக்குப் போய், மனிதரைக் குணவகையாகப் பிரிப்பது பற்றிய ஐந்து நாள் கருத்தரங்கொன்றில் கலந்துகொண்டு திரும்பினார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது, தாம் நீல நிறம், ஐந்தாம் எண், அகமுக வகுப்பு என்று தெரிந்துகொண்டு வந்தார். ஐம்பத்திரண்டு வயதுவரை இது தெரியாமல் எப்படிக் காலந்தள்ளினோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதனால் அதே ஊர் யோகம்மாவுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்கத் தேவையில்லை. அவள் கேட்டது கூரைக்கு இருபது தகரம். போன வருசம் சண்டையில் வந்து விழுந்த செல் குண்டு அவளுடைய வீட்டுக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. புருசனும் இல்லை. ஒரு அறைக்குமட்டும் பனையோலை போட்டு, இரண்டு பெண்பிள்ளைகளுடன் அதற்குள் ஒடுங்கியிருந்தாள். மற்ற அறைக்கும் குசினிக்கும் வானந்தான் கூரை. ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். மழை எந்தக் கந்தோரிலும் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இணைப்பகக் கந்தோரில் எழுத்துவேலை பார்த்த இலிகிதர் தியாகலிங்கம் புதிய படிவத்தை நீட்டினார்.

"தகரத்துக்கு இதென்ன தம்பி, நாப்பது கேள்வி?"

"உங்கட குணவகை அறியவேணும் அக்கா. மூண்டு முறை இருக்கு. நாலு நிறம், ஒன்பது எண், பதினாறு வகுப்பு. மூண்டும் ஒத்துவந்தாத்தான் தகரம்."

"ஏனாம்?"

"சில வகை ஆக்கள் தகரத்தை வித்துப்போடுவினமாம்."

ஏழாம் கேள்வி இப்படி இருந்தது: 'உமது கூரை வீழ்ந்த வேளையில் நீர் (அ) தனிமையில் சிந்தித்தீரா? (ஆ) அயலவருடன் கலந்துரையாடினீரா?'

"நான் பிள்ளையளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழை பூந்தனான். அதை எதுக்குள்ளை போடுறது?"

தியாகலிங்கம் படிவத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். கட்டிலுக்கு இடமில்லை.

"கட்டிலுக்குக் கீழை சிந்திச்சனீங்களோ?"

"பெரிசாக் குழறினனான்."

"அயலவருக்குக் கேட்டதோ?"

"கேட்டிருக்கும்."

"அப்ப கலந்துரையாடல்," என்று எழுதினார்.

நாற்பது கேள்வியும் முடிந்தபோது யோகம்மாவின் நிறம் கோபக்காரச் சிவப்பு என்றும், எண் சாந்தமான ஒன்பது என்றும் வந்தது. வகுப்பு, பதினாறில் எதிலும் சேரவில்லை. பரராசசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'வகைப்படுத்த இயலாதவர்' என்று எழுதி ஒப்பமிட்டார். நாற்பது வருசம் ஒரே ஒழுங்கையில் சீவித்த மனுசிக்கு அது செல் விழுந்ததைவிட நொந்தது.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று சனங்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் படிவம் வேண்டியிருந்தது. அதற்காகத் தியாகலிங்கம் உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கினார். பெயர் மீனலோசனி. கஷ்டங்களை யோகம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்: விதவை, இரண்டு பெண்பிள்ளைகள், செல் விழுந்த கூரை. விலாசத்துக்கு, யோகம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வெறுங்காணி. குணத்தை மட்டும், விண்ணப்பதாரர்கள் எப்படி இருந்தால் தமக்கு வசதியோ அப்படி அமைத்தார். மீனலோசனி குரல் உயர்த்தமாட்டாள். கந்தோருக்கு ஒருமுறைதான் வருவாள்.

பரராசசிங்கம் அந்தப் படிவத்துக்குள் விழுந்தவர் எழும்பவில்லை.

"நீலமெண்டது சரி. எண் ரண்டோ, நாலோ?"

"ரண்டு, சேர். பிறத்தியாருக்கு உதவுறவ."

"நீர் மேலோட்டமாப் பாக்கிறீர். அவ உள்ளுக்கை அழுறா."

"சேர், அவவை எழுதினதே நான்தானே."

"எழுதினா? எழுதிறவனுக்கு எல்லாம் விளங்குமே?"

ஆராய்ச்சி மூன்று கிழமை நடந்தது. மீனலோசனியின் கோப்பு நாலு விரற்கடை தடித்தது. ஒருநாள் அது தவறுதலாக மற்ற முப்பத்தொரு விண்ணப்பங்களோடு சேர்த்துக் கட்டப்பட்டுப் பட்டணத்துத் தலைமைக் கந்தோருக்குப் போய்விட்டது. புரட்டாசிக் கடைசியில் பதில் வந்தது. முப்பத்திரண்டு பேரில் மூன்று முறையும் ஒத்துவந்தவர் ஒருவரே: மீனலோசனி. கூடவே மண்டைதீவுப் பாதையால் லொறியில் இருபது தகரமும் வந்தன.

"சேர், அப்பிடி ஒரு ஆள் இல்லையே," என்றார் தியாகலிங்கம்.

"மேலிடம் ஒப்பமிட்ட ஆளை இல்லையெண்டு சொல்ல இலிகிதருக்கு அதிகாரம் இல்லை," என்றார் பரராசசிங்கம். லொறியில் ஏறி, விசாரணைக்குத் தாமே புறப்பட்டார்.

தீவாருக்கு ஒரு குணமுண்டு. ஒரு பெயரைச் சொல்லித் தெரியுமோ என்று கேட்டால், தெரியாது என்பது மானக்கேடு. ஆருடைய பிள்ளை, எந்தக் குறிச்சி, எந்த ஊரிலே கடை வைத்திருந்தவை என்று அடிநுனி சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒழுங்கை முகப்பில் நின்ற அயல்வீட்டுச் செல்லாச்சியிடம் அதிகாரி அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

"மீனலோசனியோ? தெரியாமல்? பதுளையிலை கடை வைச்சிருந்த இளையதம்பியற்றை கடைசிப் பெட்டை. எங்களுக்கும் ஒரு வழியிலை சொந்தம்."

"குணம் எப்பிடி?"

"பசு மாதிரி. வாய் திறவாள்."

பரராசசிங்கத்துக்குப் புல்லரித்தது. "நீலம்," என்று குறித்துக்கொண்டார். "ஆள் இப்ப எங்கை?"

வெறுங்காணியில் எருக்கலைச் செடி மட்டும் நின்றது. செல்லாச்சி அசரவில்லை. "கனடாவுக்குப் போட்டாள் ஐயா. போன மாதம். பிள்ளையளோடை."

வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்த யோகம்மா வெளியே பாய்ந்து வந்தாள். "ஐயா, அப்பிடி ஒருத்தி இந்த ஒழுங்கையிலை பிறக்கவே இல்லை! ரண்டு பொம்பிளைப்பிள்ளை, செல் விழுந்த கூரை, அது நான்!"

"கத்தாதையும். மீனலோசனி இப்பிடிக் கத்தமாட்டா."

"ஓம், அவள் கத்தாள்," என்றாள் செல்லாச்சி.

லொறிச் சாரதி வண்டியைத் திருப்பத் தொடங்கினான். வேலணைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. யோகம்மா வானத்தைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள், குரலை இறக்கினாள்.

"மறந்துபோனன் ஐயா. மீனலோசனி என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி. வீடுவளவைப் பாக்கிற அதிகாரத்தை எழுதி, அற்றோணியும் எனக்குத்தான் தந்திட்டுப் போனவள்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று அதிகாரி ஆறுதலாக மூச்சுவிட்டார். அற்றோணிப் பத்திரத்தை அன்று பின்னேரமே தியாகலிங்கம் கொண்டுவந்து கொடுத்தார். மீனலோசனியின் கையொப்பம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஐப்பசி மழைக்குமுன் கூரை ஏறியது. கந்தோர் ஆட்கள் வந்து சுவரில் ஒரு பலகை அடித்தார்கள்: 'வீட்டுக்காரர்: மீனலோசனி. காவல் இருப்பவர்: யோகம்மா.' மழை ஊற்றியது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிள்ளைகள் இரண்டும் காலை நீட்டிப் படுத்ததைப் பார்க்க யோகம்மாவுக்குக் கண் நிறைந்தது.

கார்த்திகையில் ஒருநாள் செல்லாச்சி வேலியடிக்கு வந்தாள்.

"எடி யோகம், தன்ரை வீட்டையே உன்னட்டை விட்டிட்டுப் போனவள். ஒரு கடிதம் போட்டனியோ? நன்றி கெட்டவள் எண்டு சனம் கதைக்குது."

"விலாசம் தெரியாதே," என்றாள் யோகம்மா, கதையை முடிக்க.

பின்னேரத்துக்குள் ஒழுங்கைச் சனத்திடமிருந்து மூன்று விலாசங்கள் வந்து சேர்ந்தன. மூன்றும் கனடாதான், தெரு மட்டும் வேறு வேறு. யோகம்மா மூன்றையும் விளக்கு மாடத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டு, 'அன்புள்ள தங்கச்சிக்கு' என்று எழுதத் தொடங்கினாள்.