காதுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு மாப்பிள்ளை

பல துறை ஆய்வாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ரயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதைக்கு நீங்கள் கேட்ட "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பண்டாரவளையில் பதில் சொல்லத் தொடங்கி, பதுளையில் வண்டி நின்று, எஞ்சினைக் கழற்றி, பெட்டியைக் கூட்ட விளக்குமாற்றோடு ஆள் ஏறிய பிறகும் முன்னுரையிலேயே நிற்பவர். ஆசிரியரைக் கேட்டால் ஆசிரியர் என்பார். டிரைவரைக் கேட்டால் டிரைவர் என்பார். இவரைக் கேட்டால், "அதை அப்படிச் சொல்லிவிட முடியாது" என்பார்.

அத்தோடு நீங்கள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தீர்களா? இல்லை.

எங்கள் குடும்பத்தில் இந்த இனத்தில் ஒருவன் உண்டு. என் அக்கா வேலாயியின் மகன் ஜீவன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அக்கா கொழுந்து பறித்துப் படிக்க வைத்த பிள்ளை. முதலில் மொழியியல் படித்தான். அந்தக் காலத்தில் வீட்டில் யாரும் நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது. அக்கா ஏதாவது சொல்லித் திட்டினால், "அம்மா, அதை இன்னொரு தடவ சொல்லுங்க" என்று போனை நீட்டிப் பதிவு செய்வான். பிறகு காது கேட்பதைப் பற்றிய படிப்புக்கு வெளிநாடு போனான். திரும்பி வந்தபோது உறவினரில் ஒருவர்கூடப் பாக்கியில்லாமல் எல்லார் காதிலும் ஹெட்போன் மாட்டிப் பார்த்தான். அதன் பிறகு மூளை. மொழியை மூளை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று ஆராய்ச்சி. வயர் தொங்கும் தொப்பியொன்றை என் தலையில் மாட்டி, "மாமா, வாழைப்பழம்னு நினைங்க" என்றான். நினைத்தேன். திரையில் கோடுகள் துள்ளின. "பாத்தீங்களா?" என்றான். அது வாழைப்பழத்தின் கோடா, என் பசியின் கோடா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

இந்த இனத்துக்கு ஒரு வசதி உண்டு. மொழிக்காரர்கள் மடக்கினால் "நான் காதுக்காரன்" என்று நழுவலாம். காதுக்காரர்கள் மடக்கினால் மூளைப் பக்கம் ஒதுங்கலாம். ஆனால் தோட்டத்தில் இந்த வசதியெல்லாம் செல்லாது. அவன் டாக்டர் பட்டம் வாங்கி வந்த வாரம், லயத்து வீட்டு வாசலில் இருமலோடு மூன்று பேரும் பல்வலியோடு ஒருவரும் நின்றார்கள். மருந்து எழுதத் தெரியாத டாக்டர் என்றதும் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படியானால் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அக்கா, "காதுல இருந்து மூளைக்குப் போற ரோட்டுல வேலை" என்று சொல்லிவைத்தாள். லுணுகலை பஸ் நிலையத்தில் அது "ரோட்டு வேலை" என்று சுருங்கிப்போய், எங்கள் பக்கத்துக் குண்டு குழிகளுக்கெல்லாம் ஜீவன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் தேடும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. வந்த இடமெல்லாம் மாப்பிள்ளை என்ன வேலை என்ற கேள்வியிலேயே உடைந்தது. கடைசியில் பண்டாரவளையில் ஓர் இடம் அமைந்தது. பெண் கலாராணி, கணிதம் படிப்பிக்கிற டீச்சர். அப்பா பொன்னையா, தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பேசுகிற மனிதர் என்று ஊரில் பெயர். கேட்டதற்குச் சிரிப்பார், தலையாட்டுவார், அதிகம் பேச மாட்டார். ஜீவனுக்கு இதைவிட நல்ல மாமனார் எங்கே கிடைப்பார் என்று நினைத்தேன்.

பெண் பார்க்கப் போனோம். கேசரி வந்தது, வடை வந்தது, கலாராணி வந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்ன வேலை என்று பெண்ணின் அம்மா கேட்க, ஜீவன் தொடங்குவதற்குள் நான் "பல்கலைக்கழகத்துல" என்று முடித்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா, மேடு ஏறி வந்ததில் கால் வலிக்கிறது என்று பொன்னையாவிடம் சொன்னாள். அவர் சிரித்தபடி தலையாட்டிவிட்டு உள்ளே பார்த்து, "அம்மாவுக்குப் பால் கொண்டாங்க" என்றார். உபசாரம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஜீவனின் முகம் மலர்ந்தது. லொத்தரில் பரிசு விழுந்தவன் முகம்கூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஐயாவுக்குக் காது கேக்கலீங்க" என்றான்.

யாரும் அசையவில்லை. அவன் மட்டும் அசைந்தான், கையை ஆட்டி ஆட்டி. ஐயாவுக்கு உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து விழுந்துவிடுகிறது, ஆகவே காலும் பாலும் அவருக்கு ஒன்றுதான், மிச்சத்தை அவர் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார், அதற்கு மூளை படுகிற பாடு சாதாரணமானதல்ல என்று ஒரே மூச்சில் மூன்று துறைகளையும் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தான். அந்த வீட்டில் பல வருசமாக எல்லாருக்கும் தெரிந்து யாரும் வாய் திறக்காத விஷயம் அது. போன் வந்தால் அப்பா குளிக்கிறார் என்பார்கள். விசேஷ வீட்டில் அம்மா பக்கத்திலேயே இருந்து முழங்கையால் இடிப்பார். அளந்து பேசுகிறவர் என்ற பெயர்கூட அப்படி வந்ததுதான்.

பொன்னையாவுக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. எங்கள் முகங்கள் மாறியது விளங்கியது. என்ன சொல்றார் என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கலாராணிதான் எழுந்து போய், அவர் முகத்துக்கு நேரே நின்று, ஜீவன் சொன்னதைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் ஜீவனைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

வேனில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஜீவன் பெக்டரிச் சத்தத்துக்குக் காதின் உள்ளே முதலில் எந்த இடம் சாகும் என்று விளக்கிக்கொண்டே வந்தான். ஹாலிஎல தாண்டும்போது திடீரென்று நிறுத்தினான்.

"மாமா, நான் தப்பா சொல்லிட்டேனா?"

"தப்பா சொல்லல. சொல்லிட்ட" என்றேன்.

அதன் பிறகு அவன் பேசவில்லை. அந்த இனத்துக்கு அது பெரிய தண்டனை.

இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று இருந்தபோது, கலாராணி எனக்குப் போன் எடுத்தாள். கல்யாணம் பேச எடுக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று, தள்ளி நின்று, திரும்பி நின்று பார்க்கிறாராம். அதன் பிறகு அவளைக் கூப்பிட்டு, "இத்தன வருசமா நான் தப்புத் தப்பாவா தலையாட்டிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாராம்.

"என்னால இல்லேன்னு சொல்ல முடியல அங்கிள்" என்றாள். "உங்க மருமகன அப்பாவ டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

பதுளையில் ஆராய்ச்சிக்கென்று ஜீவன் ஓர் அறை எடுத்திருந்தான். அதில் சத்தம் புகாத பெட்டி போல ஒரு சின்னக் கூடு. பொன்னையா உள்ளே உட்கார்ந்தார். காதில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஜீவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன்னால். நானும் கலாராணியும் பின்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

ஜீவன் பேசவில்லை. அந்த வேலையில் பேச முடியாதாம். ஒரு சத்தம் கொடுப்பான், காத்திருப்பான். குறைப்பான், காத்திருப்பான். சத்தம் மெல்லியதாகப் போகப் போகப் பொன்னையாவின் பெருவிரல் தடுமாறியது. கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் விடை வராத பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கினார். ஜீவன் அவசரப்படவில்லை. அவர் கண் திறக்கும் வரை இருந்து, கண்ணாடி வழியாகச் சிரித்து, இன்னொரு முறை கொடுத்தான். மறுபடியும் கொடுத்தான். சலிப்பு என்பதே முகத்தில் இல்லை. என் அக்கா மகன் இவ்வளவு நேரம் இன்னொருவருக்காக வாய் மூடி இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் திரும்பினேன். கலாராணி அப்பாவைப் பார்க்கவில்லை. இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னையா வெளியே வந்து, எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டார். ஜீவனின் வாய் திறந்தது. மூன்று துறைகளும் முண்டியடித்துக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

"விடைய மட்டும் சொல்லுங்க" என்றாள் கலாராணி.

அவன் வாயை மூடிக்கொண்டான். நாற்காலியை இழுத்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்.

"பெக்டரிச் சத்தத்துல போயிருக்குங்க. போனது வராது. மிச்சத்த வச்சு நல்லா கேக்க வைக்கலாம்."

மூன்று வரி. துறைக்கு ஒன்று.

காதுக் கருவி வந்தது. மாட்டிய அன்று பொன்னையா வீடு முழுக்க நடந்தாராம். பிரிட்ஜ் இரைவதைக் கேட்டு, யாரோ மூச்சுவாங்குகிறார்கள் என்று தேடியிருக்கிறார். மழை தகரத்தில் விழுந்தபோது எழுந்து போய் வாசலில் நின்று, விடும் வரைக்கும் உள்ளே வரவில்லை. அவர் மனைவிக்குத்தான் கொஞ்சம் சிரமம். இவ்வளவு காலமும் கணவரின் முதுகுக்குப் பின்னால் தாராளமாகச் சொல்லிவந்ததையெல்லாம் இப்போது வீட்டுப் பின்வளவுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜீவனையே கட்டிக்கொள்கிறேன் என்று கலாராணி வீட்டில் சொன்னாள். பொன்னையா மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை நேரில் பேச வேண்டும் என்றார். போனோம்.

"தம்பி, அன்னைக்கு எனக்குச் சரியா விளங்கல" என்றார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"அத அப்படிச் சொல்லிற முடியாதுங்க மாமா" என்று தொடங்கினான் ஜீவன். மொழியைத் தாண்டிக் காதுக்கு வந்து, காதிலிருந்து மூளைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பொன்னையாவின் கை சொறிகிற சாக்கில் மெல்லக் காதுப் பக்கம் போய், எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டது. அப்புறம் முன்போலவே சிரித்த முகத்தோடு தலையாட்டினார். காலையும் பாலையும் வைத்து நோயைக் கண்டுபிடித்த நிபுணர், ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டே போனார். தேத்தண்ணியோடு வந்த கலாராணி அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் இன்று வரை அவனிடம் சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாக அடிக்கடி நினைவு வந்து எழுந்து போகிறார்களா? ஆண்கள்கூடவா? "பஸ் போயிரும்" என்று எழுந்து ஓடியவர், அரை மணி நேரம் கழித்து அதே சந்தியில் நிதானமாகக் கடலை கொறித்துக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால், அவரிடம் போய்க் காரணம் கேட்காதீர்கள். விளக்கம் சொல்ல உங்களுக்கு ஆசை வந்துவிடும்.