முட்டை ஓட்டுக்கு விளக்கம் கேட்டவன்

உலகத்தில் ஆமாம் சொல்கிறவர்கள் உண்டு, இல்லை சொல்கிறவர்கள் உண்டு. இரண்டையும் சொல்லாமல், 'மேலும் விளக்கம் தேவை' என்ற மூன்றே சொற்களில் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு விளக்கம் கேட்பவர் என்று பெயர். நீங்கள் பார்த்ததில்லை என்றால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஜன்னலோரம் இரண்டாவது மேசை. அங்கே உட்கார்ந்திருப்பது நான்தான்.

இவரை அடையாளம் காண்பது எளிது. கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார், யாருடைய கையெழுத்து இன்னும் விழவில்லை என்பது அங்கேதான் தெரியும்; பென்சிலால் வட்டம் போடுவார், பேனா என்றால் பொறுப்பு வந்துவிடும்; டீ வேண்டுமா என்று கேட்டால்கூட மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரிப்பார். படிக்காதவரா? நன்றாகப் படித்தவர். கோளாறே அதுதான். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால் அப்பா, 'நமக்குப் படிப்பு ஏறலைங்க' என்று நழுவிவிடுவார். எனக்கு அந்த வசதி இல்லை. அதே மாதிரி நழுவுவதற்குப் பதினாறு வருடம் படிக்க வேண்டியிருந்தது.

முட்டையின் மேல் பூசும் பொருள்களுக்கு அனுமதி தருவது என் பிரிவின் வேலை. முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் போய்விடும். நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும், கிருமி உள்ளே போகும். அதனால் மெல்லிசாக எண்ணெயோ மெழுகோ பூசுவார்கள். எதைப் பூசலாம், எவ்வளவு பூசலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும் என்பது விதி. எப்போது சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை.

கோழிப்பண்ணை நடத்தும் ஓர் அம்மா தேன்மெழுகு பூச அனுமதி கேட்டிருந்தார். வெயில் காலத்துக்கு முன் கிடைத்தால் தொலைவிலுள்ள கடைகளுக்கு முட்டை அனுப்பலாம். கிடைக்காவிட்டால் இரண்டு கொட்டகைகளில் ஒன்றை மூட வேண்டும், ஆறு பேருக்கு வேலை போகும். ஆய்வக அறிக்கையில் குறையே இல்லை. படித்த அன்றே தெரிந்துவிட்டது, இதனால் யாருக்கும் கெடுதல் வராது என்று. தெரிந்ததை எல்லாம் எழுதிவிட முடியுமா? யாரும் சாப்பிடாத ஓட்டின் மேல் பூசுவது உணவில் சேர்ப்பதாகுமா என்று முதலில் கேட்டேன். ஆகாது என்று பதில் வந்தது. ஆகாதென்றால் எங்களிடம் ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது கடிதத்தில், பூசிய முட்டை ஒரு டஜன் மாதிரிக்கு அனுப்பச் சொன்னேன். அனுமதி இல்லாமல் பூசுவது குற்றம் என்று அதே கடிதத்தின் அடியில் அச்சாகியிருந்தது.

அந்த அம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"பூசினா குத்தம்னு போட்டிருக்கீங்க. பூசின முட்டைய அனுப்புன்னும் போட்டிருக்கீங்க. நான் என்ன தம்பி பண்றது?"

நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டேன். மாதிரிக்கு மட்டும் பூசிக்கொள்ள அனுமதி கேட்டுத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று வழியும் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அத விடுங்க. இந்த முட்டைய உங்க அம்மாவுக்கு வாங்கிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"குடுப்பேம்மா."

வாய் முந்திக்கொண்டது.

"அதையே எழுதிக் குடுங்க."

எழுதினேன், பேனாவால். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி முடித்த கை சும்மா இருந்ததா? பக்கத்திலேயே 'எனினும், மேலதிகாரியின் கருத்துக்கு உட்பட்டு' என்று சேர்த்துவிட்டது. மேலதிகாரி எங்கள் இனத்தின் மூத்தவர். அவரும் விளக்கம் கேட்டார், என்னிடம். பரிந்துரைக்கிற ஆள் 'எனினும்' என்று ஏன் இழுக்கிறீர்கள் என்று. அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே வெயில் வந்துவிட்டது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகப் பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு கொட்டகையை மூடியாகிவிட்டது, இனி அனுமதி வேண்டாம். இரண்டே வரி, கீழே பளிச்சென்று கையெழுத்து. இவ்வளவு படித்த நான் அப்படி ஒரு கடிதம் எழுதியதே இல்லை.

என்ன மனுஷன் இவன் என்றுதானே நினைக்கிறீர்கள்? நினையுங்கள். ஆனால் அந்த ஆறு பேரின் வேலை உண்மையில் என்னால்தான் போயிற்றா என்று முடிவுசெய்ய இன்னும் சில விவரங்கள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால், சொல்லுங்கள். எனக்கு எதிர் மேசை காலியாகத்தான் கிடக்கிறது.