கையேட்டாரும் சாணை மெஷினும்

உளியின் முனை நீலமாகிவிட்டது.

கையேட்டார் மெஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நீலம் கண்ணாடியில் இல்லை, உளியில்தான் இருந்தது. வெள்ளையாய்ப் பளபளக்க வேண்டிய இரும்பு, மயில்கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை மாதிரி மின்னியது.

கையேட்டார் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். மின்விசிறி வாங்கினாலும் அதோடு வருகிற கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காமல் சுவிட்சைத் தொடமாட்டார். இந்தச் சாணை மெஷினின் கையேட்டை இரண்டு தடவை படித்திருந்தார். 'லேசாக அழுத்தவும்' என்று போட்டிருந்தது. லேசு என்றால் எவ்வளவு லேசு என்று போடவில்லை. இருபது வருஷமாகத் தபால்களில் முத்திரை குத்திய கை அவருடையது. அந்தக் கைக்கு இதுதான் லேசு.

சொந்த உளியாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார். இது மனைவியின் உளி. அந்த வீட்டில் தச்சு வேலை செய்கிறவள் அவள்தான். வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் பட்டறை. கதவு, அலமாரி, மேஜை எல்லாம் அங்கேதான் உருவாகும். அக்கம்பக்கத்தில் அவளுக்குத் தச்சரம்மா என்று பெயர்.

இரண்டு வாரம் முன்னால் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா, “சுத்தியல், ரம்பம்கூடப் பரவாயில்லை. கல்லுல உளியை வச்சுத் தேய்க்கிறீங்களே, அதுதான் கையைக் கெடுக்குது. அதை நிறுத்துங்க. ரெண்டு மாசம் பார்ப்போம். குறையலைன்னா தொழிலையே விட்டுட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டார்.

வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது தச்சரம்மா, “தொழிலை விட்டுட்டா நான் யாருங்க?” என்று கேட்டாள். அடுத்த வாரமே மெஷின் வந்து இறங்கியது.

“இனிமே நீ கல்லையே தொடக்கூடாது. தீட்டுறது என் பொறுப்பு” என்று அறிவித்து, அவளுடைய எண்ணெய்க்கல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொறுப்புதான் இப்போது நீலமாக நிற்கிறது. நீலம் வந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. சரி, நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று மறுபடி மெஷினைப் போட்டார். கீழே இருந்த நீலம் போனது. மேலே புது நீலம் வந்தது. அதையும் எடுத்தார். முனை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சாய்வை நேராக்கப் போனால் மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் உளி ஒரு விரற்கடை குறைந்து, கறி வெட்டக்கூட லாயக்கில்லாமல் நின்றது.

“என்னங்க, ஆச்சா?” அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“ஆச்சு, ஆச்சு. ஆனா இப்பத் தொடாதே.”

“ஏன்?”

“மெஷின்ல தீட்டின உளி ஒரு நாள் ஆறணுமாம். உள்சூடு அடங்கணும். புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகத்துல போட்டிருந்தா சரிதான்” என்றாள்.

மறுநாள் காலையில் உளியைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் போகிற வழியில் ஒரு ஹார்டுவேர் கடை. 'இங்கு உளி, இழைப்புளி பிளேடு தீட்டித் தரப்படும்' என்று பலகை தொங்கியது. கடைக்காரர் உளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதை யாருங்க கடிச்சது?”

“சரி பண்ண முடியுமா, முடியாதா?”

“பலகை எதுக்கு மாட்டி வச்சிருக்கேன்? சாயங்காலம் வாங்க.”

சும்மா சொல்லக்கூடாது, சாயங்காலம் கைக்கு வந்த உளி வேறு பிறவி எடுத்திருந்தது. புறங்கையில் வைத்து லேசாக இழுத்தால் முடி தானாக உதிர்ந்தது. கையேட்டார் மனசுக்குள் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

தச்சரம்மா ஒரு மரத்துண்டில் உளியை ஓட்டிப் பார்த்தாள். சீவல் சுருண்டு விழுந்தது. “மெஷின் பரவாயில்லையே” என்றாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கருவிகள் விஷயத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. “எல்லாம் கைப்பழக்கம்தான்” என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மூன்று உளிகளும் ஒரு இழைப்புளி பிளேடும் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தன. கையேட்டார் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினைப் போட்டு, சத்தம் கேட்பதற்காக ஒரு பழைய ஜன்னல் கம்பியை அரை மணி நேரம் தேய்த்தார். திங்கள் காலை நிஜமான கருவிகள் பையில் ஏறிக் கடைக்குப் போயின. இதுவே வாராவாரம் வழக்கமாகிவிட்டது. ஜன்னல் கம்பிதான் பாவம், ஊசியாகிவிட்டது.

வேலை நன்றாக ஓடியது. வலிதான் குறையவில்லை. மூன்றாவது வாரம் தச்சரம்மா தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போது இடது கையையும் கொடுத்துப் பிடித்தாள்.

“கல்லைத் தொட்டியா?” என்று கேட்டார் கையேட்டார்.

“கல்லு எங்க இருக்கு? நீங்கதானே பூட்டி வச்சிருக்கீங்க.”

அதுவும் வாஸ்தவம். அலமாரியைத் திறந்து பார்த்தார். கல் வைத்த இடத்தில் தூசியோடு இருந்தது. யோசித்தார். கூர் போதவில்லை, அதனால்தான் அழுத்தித் தள்ளுகிறாள், அதனால்தான் வலிக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாளே கடைக்காரரிடம் சொன்னார்.

“இன்னும் கூரா வேணுங்க. மரத்து மேல வச்சாலே இறங்கணும். கையை அழுத்தவே கூடாது.”

“அதுக்கு ரெண்டு மடங்கு தேய்க்கணுமே” என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“தேய்ங்க. எனக்கு அதுதான் வேணும்.”

கூர் ஏறியது. வலியும் கூடவே ஏறியது. ஐந்தாவது வாரம் அவளால் தலையைச் சீவ முடியவில்லை. கையேட்டார் சீப்பை வாங்கி, கையேடு எதுவும் இல்லாமலே, அவளுக்குப் பின்னல் போட முயன்றார். பின்னல் கோணலாக வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, ரொம்ப வலிக்குதா?”

“அதில்லைங்க. இந்த வயசுல நீங்க எனக்காக இவ்வளவு பாடுபடறீங்களேன்னுதான்.”

கையேட்டார் சீப்பைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அவள், “உங்க மெஷின் மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ பட்டறையைப் பூட்டியிருப்பேன்” என்று சொல்லிவிட்டாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

இரண்டு மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனார்கள். மணிக்கட்டு போன தடவையைவிட வீங்கியிருந்தது.

“கல்லுல தேய்க்கிறதை நிறுத்தினீங்களா, இல்லையா?”

தச்சரம்மா தரையைப் பார்த்தாள். கையேட்டார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். “சத்தியமா நிறுத்திட்டா டாக்டர். கல்லு என் பூட்டுக்குள்ள இருக்கு. தீட்டுற வேலை மொத்தமும் நான்தான் பார்க்கிறேன்.”

“அப்படின்னா தேய்க்கிறது காரணமில்லை. தச்சு வேலைதான் இந்தக் கைக்கு ஆகலை. இன்னும் ஒரு மாசம் பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா, கொட்டகையை மூடிடுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் கையேட்டார் கணக்குப் போட்டார். மெஷின் விஷயத்தில் பொய் சொன்னது தப்புதான். ஆனால் அந்தப் பொய்யால் அவள் கைக்கு ஓய்வு கிடைத்தது, அது ஒன்றுதான் தான் உருப்படியாகச் செய்த காரியம் என்று தோன்றியது. அப்படியானால் ஓய்வு இன்னும் வேண்டும். இதுவரை பெரிய உளிகளையும் ஒரு பிளேடையும்தான் கடைக்குக் கொண்டுபோனார். சின்ன உளி, செதுக்கு உளி, மிச்ச இழைப்புளி பிளேடுகள், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒரு முனையைக்கூடத் தொட விடக்கூடாது.

“எல்லாத்தையும் எடுத்து வை. நாளையிலேர்ந்து ஒண்ணு பாக்கி இல்லாம நான் தீட்டுறேன்” என்றார்.

தச்சரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். வாரம் ரெண்டு தடவை. உன் கை எனக்கு வேணும்மா.”

அவள் மணிக்கட்டை ஒரு தடவை நீவிவிட்டு இருபத்திரண்டு கருவிகளைத் துடைத்து வரிசையாக எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை கையேட்டார் பையைத் தோளில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஊரில் இல்லை. அவருடைய மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் இதற்குமுன் பார்த்ததில்லை. பையை மேஜைமேல் வைத்ததும் அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துக் கருவிகளை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஓ, அந்த ஆபீஸ்காரரோட பையா? இன்னிக்கு அவர் வரலையா? நீங்க அவர்கூட வேலை செய்யறவரா?”

கையேட்டாருக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. பொத்தாம்பொதுவாக ஆட்டி வைத்தார்.

“இவ்வளவையும் இன்னிக்கே கேட்டா முடியாதுங்களே. போன வாரமே அந்தக் கை வீங்கிப் போயிருந்தது. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.”

“யார் கை? உங்க வீட்டுக்காரர்தானே தீட்டுறாரு?”

அந்த அம்மா வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுக்காரர் பலகைதான் மாட்டுவார், அவருக்கு எங்கங்க தீட்ட வரும்? தச்சு வேலை தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக் கூலிக்குத்தான் தீட்டி வாங்குவார். ஆபீஸ்காரர் மனசு நோகும், அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க, முதல் நாள்லேர்ந்து இதையெல்லாம் எங்க கடைக் கல்லுல உக்காந்து தேய்ச்சுக் குடுத்துட்டுப் போறது அந்த ஆபீஸ்காரரோட சம்சாரம்தான்.”