பேஸ்மென்றில் இருப்பவர் எழும்பவில்லை

குளிர் ஜக்கெற்றும் காதை மூடிய தொப்பியுமாக சண்முகலிங்கம் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே யோகமலர் இரண்டு ஸ்வெற்றருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். அவள் வாய் திறக்காமல் இருப்பது குளிரைவிட மோசம் என்பது அவருக்குத் தெரியும்.

"இண்டைக்கும் எழும்பேல்லையோ?" என்று கடைசியில் கேட்டாள்.

"எழும்பும். புது வீடெல்லோ, கொஞ்சம் பழகோணும்."

எழும்ப வேண்டியது பேஸ்மென்றில் இருந்த ஃபேர்னஸ். வீட்டைச் சூடாக்குவது அதன் ஒரே வேலை. பகலில் ஒழுங்காக ஓடும், பொழுதுபட்டால் படுத்துவிடும்.

நகரத்துக்குள்ளே பார்க்டேலில் அவர்கள் முன்பு இருந்த அப்பார்ட்மென்றில் சூடு வாடகையோடு சேர்ந்தே வந்தது. தை மாதத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். அதை விட்டு நகரத்துக்கு வெளியே அஜக்சில் வீடு வாங்கியது முழுக்க முழுக்கச் சண்முகலிங்கத்தின் யோசனை. "அங்கை நரிதான் குடியிருக்கும்" என்று யோகமலரின் தமையன் அப்போதே சொல்லிவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அண்ணை சாமான் ஏத்துற வானோடை வாறார்," என்றாள் யோகமலர். "அதுக்குள்ளை வீடு சுடேல்லையெண்டால் நான் பிள்ளையார் படத்தையும் தூக்கிக்கொண்டு பார்க்டேலுக்குப் போறன். நீங்கள் உந்த ஃபேர்னசோடை குடும்பம் நடத்துங்கோ."

சொன்னால் செய்பவள். சண்முகலிங்கம் புட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

பிள்ளையாருக்கு அந்த வீட்டில் கிடைத்தது முன் ஹோலின் சுவர் மட்டும்தான். அதில் ஏற்கனவே வட்டமாக ஒரு பெட்டி பூட்டியிருந்தது. வீடு குளிர்ந்தால் கீழே ஃபேர்னசுக்குக் கட்டளை போடும் தெர்மோஸ்டாற் அது. யோகமலர் அதன் பக்கத்தில் படத்தை மாட்டி, கீழே அந்தி விளக்கு வைக்க ஒரு தட்டும் அடிப்பித்தாள். குடிபுகுந்த அன்று அடுப்புக்கும் ஃபிரிஜுக்கும் சந்தனப் பொட்டு வைத்தபோது, விட்டால் பாவம் என்று பெட்டிக்கும் ஒன்று வைத்தாள். அதில் பாதி இலக்கங்கள் மறைந்துபோயின.

சண்முகலிங்கம் எழுந்து போய் அந்தப் பெட்டியை முடிந்த மட்டும் திருகினார். கொஞ்ச நேரத்தில் கீழே 'டுப்' என்றது. இளஞ்சூடான காற்று வந்தது. யோகமலர் ஒரு ஸ்வெற்றரைக் கழற்றினாள்.

"பிள்ளையார் கண் திறந்திட்டார்," என்று சொல்லி, நன்றிக்காக விளக்கில் இன்னும் இரண்டு திரி போட்டாள்.

அவள் கும்பிட்டு முடிக்கவில்லை, ஃபேர்னஸ் படுத்துவிட்டது. திருகினது திருகினபடியே இருக்க இருவரும் போர்வைக்குள் போனார்கள். விடிய எழும்பினால் வீடு வெந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த வாழைப்பழம் கறுத்துப்போய்விட்டது.

"ஒண்டில் ஐஸ், இல்லாட்டி அடுப்பு," என்றாள் யோகமலர்.

சண்முகலிங்கம் பெட்டியைப் பழையபடி குறைத்துவிட்டு, ஒஷாவாவிலிருந்த கஸ்பரைக் கூப்பிட்டார். கஸ்பர் போன வருடம்தான் வீடு வாங்கியவன். அதனால் வீடுகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்.

அவன் பின்னேரம் வந்து ஃபேர்னசின் மூடியைக் கழற்றினான். ஃபில்ற்றரை உருவி உதறினான். அங்கே காயப்போட்டிருந்த சேலைகள் எல்லாம் சாம்பல் நிறமாகின. மேலே யோகமலர், கஸ்பர் வேதக்காரன் என்றாலும் பிள்ளையார் அதையெல்லாம் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில் அவனுக்காகவும் ஒரு திரி போட்டாள்.

கஸ்பர் மூடியைத் திருப்பிப் பூட்டியபோது கையில் ஒரு ஆணி மிஞ்சியது.

"உது தேவையில்லாத ஆணி, அண்ணை."

ஃபேர்னஸ் அசையவில்லை. அன்றிரவு யோகமலர் நேர்த்தி வைத்தாள்: வீடு சுடும்வரை விளக்கு அணையக்கூடாது. மறுநாள் ஃபேர்னஸ் பகலிலும் கண் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஃபேர்னஸ் கொம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். முழங்கால்வரை பூட்ஸ். கழற்றமாட்டாராம், சட்டம் அப்படியாம். பூட்ஸ் கால் சாமிக்கு முன்னால் நடப்பதா? யோகமலர் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, விளக்கை அணைத்து, படத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டாள்.

வெள்ளைக்காரர் கீழே போய்க் கஸ்பரின் ஆணியைப் பூட்டி, தன் கருவிப் பெட்டியிலிருந்து ஏதோ ஆயுதத்தை எடுக்கக் குனிந்தார். 'டுப்.' ஃபேர்னஸ் தானாகவே ஓடத் தொடங்கியது. இதில் ஒரு குறையும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யோகமலர் நிலத்தைத் துடைத்து, திரையை விலக்கி, விளக்கை ஏற்றினாள். தேத்தண்ணி போட்டுக் குடிப்பதற்குள் ஃபேர்னஸ் படுத்தது.

"வெள்ளைக்காரனைக் கண்டால்தான் எழும்புது," என்றார் சண்முகலிங்கம். "எங்களை மதிக்குதில்லை."

"உது மெசின் பிழையில்லை. கண்ணூறு. ஐயரைக் கூப்பிடுங்கோ."

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தமையனின் வான் வாசலில் வந்து நின்றது. வானுக்குள் சூடு இருந்ததால் அவர் இறங்க மறுத்துவிட்டார். யோகமலரின் சூட்கேஸ் கதவடியில் தயாராக இருந்தது. சண்முகலிங்கம் அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்.

வேட்டிக்கு மேல் பெரிய குளிர் ஜக்கெற்றோடு ஐயர் வந்தார். அவர் வருகைக்காக யோகமலர் பெரிய விளக்கில் ஐந்து திரியும் ஏற்றியிருந்தாள். ஐயர் படத்துக்கு முன்னால் நின்று, சுவரை மேலும் கீழும் பார்த்தார். மந்திரம் ஒன்றும் வரவில்லை.

"தங்கச்சி, விளக்கை நூருங்கோ," என்றார்.

"ஐயா, நேர்த்தியெல்லோ? அபசகுனமாய்ப் போயிடும்."

"பிள்ளையாருக்கு நான் சொல்லுறன். நூர்த்து அங்காலை கொண்டுபோய் வையுங்கோ."

யோகமலர் பூவால் ஒவ்வொரு திரியாக அணைத்தாள். விளக்கைத் தூக்கி மேசைக்குக் கொண்டுபோனாள். வாசலில் தமையன் ஹோர்ன் அடித்தார்.

'டுப்.'

சூடான காற்று வந்து ஐயரின் வேட்டித் தலைப்பைத் தூக்கியது. சண்முகலிங்கம் தன்னையறியாமல் கும்பிட்டார். சந்தோசத்தில் அவருக்கு அழுகை வந்தது.

"மந்திரம் ஒண்டும் சொல்லேல்லையே, ஐயா," என்றாள் யோகமலர். "என்ன செய்தனீங்கள்?"

ஐயர் ஜக்கெற்றைக் கழற்றி அவளுடைய சூட்கேசின் மேல் வைத்தார்.

"எங்கடை கோயிலிலையும் போன பனிக்கு உதே கதைதான். உந்தப் பெட்டிக்குக் கீழை விளக்கு எரிஞ்சால், தங்கச்சி, அது, யாழ்ப்பாணத்திலை இருக்கிறன் எண்டெல்லோ நினைக்கும்."