ஒரேஸ்தே வைக்க வேண்டிய காசு

கடை மூட இருபது நிமிடம்தான் இருந்தது. எல்வியோ ஒன்பதாவது கத்தியின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது மூணாவதா பார்த்த கத்தி. அப்பவே வேண்டாம்னுட்டீங்க" என்றாள் கடைக்காரி நோர்மா.

எல்வியோ இத்தாலியின் திரியஸ்தே துறைமுகத்துக்காரன். காப்பிக் கம்பெனியில் வேலை. கொட்டையை மோந்து பார்த்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவான். கத்தியைப் பற்றிக் கேட்டால் வெண்ணெய் தடவத் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் காதலித்துத் தொலைத்ததோ மனியாகோவில், ஊரே கத்தி செய்து பிழைக்கும் இடத்தில். காதலி லூசில்லாவின் அப்பா ஒரேஸ்தே கத்தித் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் இருந்தவர். இன்று மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டில் சாப்பாடு. எல்வியோ பெண் கேட்கப் போகிறான்.

வெறுங்கையோடு போக முடியாது, பெண்ணின் அப்பாவுக்கு ஒரு கத்தி கொண்டுபோக வேண்டும். கத்தியைச் சும்மா வாங்கிக்கொண்டால் உறவு அறுந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அதனால் கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் பதிலுக்கு ஒரு காசாவது வைப்பார்; பெண்ணின் அப்பா காசு வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். போன வருஷம் இன்னொருவன் இப்படித்தான் கத்தியோடு பெண் கேட்டு வந்தானாம். ஒரேஸ்தே கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாயே திறக்கவில்லை, காசும் வைக்கவில்லை. அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

இதை நினைத்து எல்வியோ மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"என் கடையில எதை எடுத்தாலும் ஒரேஸ்தேவுக்குப் பிடிக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள் நோர்மா.

எந்தக் கடைக்காரி வேறு மாதிரி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டான்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வந்திருந்தான். பொத்தானை அழுத்தினால் அலகு முழுசாகப் பாய்ந்து திறக்க வேண்டும். திறந்தபின் ஆடக் கூடாது. மடக்கினால் பிடிக்குள் நட்டநடுவில் உட்கார வேண்டும். கொம்புப் பிடிக்கும் உலோகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. வாங்கப் போவது ஸ்டிலெட்டோ என்னும் ஊசி மாதிரி ஒல்லியான கத்தி, அதில் மயிரிழைக் கோணல்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவில் உட்காருகிறதா என்று விரலை விட்டுப் பார்த்ததில் கட்டைவிரல் கிழிந்தது. நோர்மா பிளாஸ்திரி போட்டாள். பிளாஸ்திரி போட்ட விரலுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. இடது கைக்கு மாற்றினான், அந்த விரலும் கிழிந்தது. சட்டையில் ரத்தம். கடையின் மஞ்சள் விளக்கில் இடைவெளி சரியாகத் தெரியவில்லை என்று கத்தியைத் திறந்து பிடித்தபடி தெருவுக்கு வந்து, இப்படியும் அப்படியும் நடந்து வெயிலில் பார்த்தான்.

"கத்தியைக் கீழ வைங்க" என்றது ஒரு குரல். போலீஸ்காரர்.

எல்வியோ இன்னொரு கையை உயர்த்தினான். "சார், நான் பொண்ணு கேக்கப் போறேன் சார்."

"இப்படியா? யார் வீட்டுக்கு?"

"ஒரேஸ்தே வீட்டுக்கு."

போலீஸ்காரரின் முகம் மாறியது. பரிதாபப்பட்டது போலிருந்தது. கத்தியை வாங்கி நுனியைப் பிடித்து அசைத்தார். ஆடுகிறது என்றார். அந்தப் பக்கம் வந்த ரொட்டிக்கடைக்காரர் வாங்கிப் பார்த்து, ஆடவில்லை, போலீசின் கைதான் ஆடுகிறது என்றார். பாதிரியார் சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஆட்டம் கிடக்கட்டும், கொம்பில் விரிசல் இருக்கிறது என்றார். மூவரும் கடைக்குள் புகுந்து மற்றக் கத்திகளையும் எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: ஒரேஸ்தேவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. கத்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை, அவ்வளவு ஞானம்.

பன்னிரண்டரை மணி அடித்ததும் நோர்மா ஒரு கத்தியை எடுத்துப் பெட்டியில் வைத்து அவன் கையில் திணித்தாள். அவன் முதன்முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய கத்தி அது. மறுக்க நேரமில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடினான்.

மேசையில் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களியிலிருந்து ஆவி பறந்தது. ஒரேஸ்தே பெட்டியைத் திறந்தார். பொத்தானை அழுத்தினார். நுனியை ஆட்டினார். ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காசு வைக்கவில்லை. கத்தியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லூசில்லா மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்தாள், காயம் பட்ட விரலை. வலியைக்கூட அவன் உணரவில்லை. எல்லாம் முடிந்தது, எழுந்து போய்விடலாமா என்று யோசித்தான். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியும் விட்டான்.

கதவு திறந்தது. ஒரேஸ்தே வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காசை வைத்தார்.

"நல்ல கத்தி" என்றார்.

லூசில்லா அழுதேவிட்டாள். ஒரேஸ்தே அவளை அணைத்துக்கொண்டு ஒயின் எடுக்கக் கீழே கூட்டிப்போனார். எல்வியோ காசைக் கையில் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். உள்ளே கொண்டுபோய் அப்படி எதை வைத்துத்தான் சோதித்தார் என்று லூசில்லாவின் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டான்.

அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி பொலெந்தா வைத்தாள்.

"சோதனையா? நாப்பது வருஷமும் அந்தக் கம்பெனியில அட்டைப்பெட்டி ஒட்டின மனுஷன், கத்தியைப் பத்தி என்ன கண்டார்? நோர்மாவுக்கு போன் போட்டு நல்லதான்னு கேட்டுட்டு வந்தாரு. போன வருஷம் வந்த பையன்தான் பாவம், அன்னிக்குன்னு பார்த்து நோர்மா ஊர்ல இல்ல."