குரங்கு குளித்த தொட்டியும் விண்கலத்துப் பையும்

திருவண்ணாமலை,
வைகாசி, 2009.

மதிப்பிற்குரிய மச்சான் அப்பாசாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை தனத்தின் கணவன் சகாதேவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். கீழ்பென்னாத்தூரில் தாங்களும் அக்காவும் கறவை மாடுகளும் கொல்லையில் மல்லாட்டைப் பயிரும் சுகமாக இருக்க அண்ணாமலையார் அருள்வாராக.

நிற்க. போன மாதம் காதுகுத்து விசேஷத்தில், பந்தி நடுவே, என் மகள் கீதாஞ்சலியைப் பார்த்து, "ஏம்மா, மூத்திரத்த டெஸ்ட் பண்ற வேல நம்ம ஊரு ஆஸ்பத்திரிலயே கெடைக்குமே, அதுக்கா அமெரிக்கா போன?" என்று கேட்டீர்கள். பந்தியே சிரித்தது. அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு என் தொண்டையில் நின்ற லட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அவள் வேலை என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். விண்கலத்தில் போகிறவர்கள் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வியர்வை, மூச்சின் ஈரம், நீங்கள் சொன்ன அந்தச் சமாச்சாரம், எல்லாவற்றையும் சுத்தம் செய்துதான் திரும்பக் குடிக்கிறார்கள். அதில் கிருமி இருந்தால் ஓடிப்போய்க் காட்ட அங்கே ஆஸ்பத்திரி ஏது? ஆகவே மருந்து போட்ட சின்னப் பையில் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கெட்ட கிருமி இருந்தால் ஊதா நிறமாகும். அந்தப் பையைச் செய்கிற கூட்டத்தில் ஒருத்திதான் உங்கள் மருமகள்.

அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு நாங்கள் தண்ணீர்ப் பந்தல் நடத்துவது தங்களுக்குத் தெரியும். நான் செயலாளர், உரக்கடை வேணு தலைவர். இந்தத் தடவை, லீவில் வந்திருக்கும் கீதா, பந்தலுக்கு மேலே இருக்கும் தொட்டித் தண்ணீரை ஒரு பையிலும், எங்கள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இன்னொரு பையிலும் பிடித்தாள். கிருமி வளர இளஞ்சூடு வேண்டுமாம். "ஒடம்பு சூடே போதும்ப்பா, இடுப்புல கட்டிக்கோங்க" என்றாள். வலப்பக்கம் பந்தல், இடப்பக்கம் வீடு என்று கட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன் மச்சான். புரண்டு படுக்க முடியவில்லை, குனிய முடியவில்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் "வயித்துல ஆபரேஷனுங்களா?" என்று விசாரித்துச் சாத்துக்குடி கொடுத்தார்.

கமிட்டிக் கூட்டத்தில் சட்டையைத் தூக்கி இரண்டையும் எடுத்து வைத்தேன். வீட்டுப் பை வெளிர் மஞ்சள். பந்தல் பை பழுத்த நாவல்பழம்! வேணு ஒப்பவில்லை. "அண்ணே, வேட்டிக்குப் போட்ட சொட்டு நீலம் எறங்கிட்ச்சி. நம்ம தண்ணியாவது, கெடறதாவது!" என்றார். கீதா கோபப்படவில்லை. "மாமா, மேல ஏறி ஒரு தபா பாத்துட்டு வந்துடுங்க. சரியா இருந்தா நானே மொதல் டம்ளர் குடிக்கிறேன்" என்றாள். வேணு ஏணியில் ஏறினார். தொட்டிக்குள் தலையை நீட்டினார். பிறகு, "அய்யய்யோ, மூடி காத்துல போய்ட்ச்சிம்மா! கொரங்கு குடும்பத்தோட குளிக்குது!" என்று அலறினார். இறங்கும்போது அவர் சட்டையில் ஒரு கை இல்லை.

உடனே தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, புது மூடியைக் கம்பியால் கட்டினோம். மறுபடி என் இடுப்பில் ஒரு பை. மஞ்சளாகவே இருந்தது! பௌர்ணமியன்று வேணுவே மைக்கைப் பிடித்து, "பக்தகோடிகளே, வானத்துல பறக்கறவங்க குடிக்கிற தரத்துல தண்ணி, வாங்க வாங்க!" என்று முழங்கினார். கூட்டம் முட்டியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகளுக்குப் பொன்னாடை போர்த்தியபோது தனம் அழுதாள். நானும்தான். சுத்தமான தண்ணீர் விஷயத்தில் இந்த ஜில்லாவில் இனி எங்கள் வீட்டுப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, தாங்கள் சொன்னதைத் தங்கள் வாயாலேயே வாபஸ் வாங்க வைப்பேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் பதினாறும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்த சகாதேவன்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. வெற்றிச் சந்தோஷத்தில் தேரடித் தள்ளுவண்டிக் கடையில் ஐஸ் போட்ட சர்பத் மூன்று கிளாஸ் குடித்துவிட்டேன். நேற்றிலிருந்து கொல்லைப்புறமே கதி. கீதா என்னோடு பேசுவதில்லை. தயவுசெய்து இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.